ஏழையரிடையே வாழ்ந்த ஏட்டாசிரியர்: டாரதி டே அம்மையார்

பசித்தவருக்குச் சோறிடுதல் அறம் என்பதை மறுப்பார் எவரும் இலர். ஆனால், பசித்தவர் ஏன் பசித்திருக்கிறார் என்று வினவுவதும் அறத்தின் பகுதிதானா என்று கேட்டால், நம்மிற் பலர் சற்றுத் தயங்குவோம். சோறிடுவோர் ஒருசாரார், காரணம் வினவுவோர் மற்றொரு சாரார். முன்னவருக்கு வினவ நேரமில்லை. பின்னவருக்கு அடுப்பு மூட்டப் பொறுமையில்லை. இவ்விரு பணிகளையும் ஒரே கூரையின் கீழ் ஒருங்கே தொடங்கி, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் விடாது நடத்தியவர், அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரில் வாழ்ந்த டாரதி டே அம்மையார்.

அவர் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர் அல்லர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரும் அல்லர். கத்தோலிக்கத் திருச்சபையில் பதவி எதனையும் வகித்தவரும் அல்லர். திருச்சபை வழக்கில் பொதுநிலையினர் எனப்படும் சாதாரண மக்களுள் ஒருவர். தொழிலால் பத்திரிகையாளர், ஒரு மகளுக்குத் தாய். அன்னாரது வரலாற்றை இம்மலரில் சுருங்க எடுத்துரைக்க விழைகின்றோம்.

இளமை

டாரதி டே 1897ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஜான் டே விளையாட்டுச் செய்திகளை எழுதும் பத்திரிகையாளர். வேலையின் பொருட்டுக் குடும்பம் கலிபோர்னியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. 1906ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த பெருந்தீயும் அழித்தன. வீடிழந்த மக்கள் திரள்திரளாக வளைகுடாவைக் கடந்து, டாரதியின் குடும்பம் வாழ்ந்த ஓக்லாந்து நகரை அடைந்தனர். அண்டை அயலார் உணவு சமைத்து அளித்தனர்; உடுத்திய துணி தவிர மற்றவற்றையெல்லாம் வாரி வழங்கினர். எட்டு வயதுச் சிறுமி இதனைக் கண்டாள். துன்பம் நேர்ந்தபோது மனிதர் இத்துணை அன்புடன் ஒழுக இயலுமாயின், ஏனைய நாட்களிலும் அவ்வாறே ஒழுகினால் என்ன என்னும் வினா அப்பொழுதே அவள் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. அம்மையாரின் பிற்கால வாழ்வு முழுவதும் அவ்வொரு வினாவுக்குத் தேடிய விடையே எனலாம்.

அந்நிலநடுக்கத்தில் தந்தையார் பணியாற்றிய பத்திரிகை நிலையம் அழிந்தது. குடும்பம் சிக்காகோ நகருக்குச் சென்று சிலகாலம் வறுமையைச் சுவைத்தது. இறைச்சித் தொழிற்சாலைகளில் உழன்ற தொழிலாளரின் அவலத்தைச் சித்திரித்து அப்டன் சிங்ளேர் எழுதிய புதினத்தைப் படித்த டாரதி, கைக்குழந்தையாயிருந்த தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, அக்கதை நிகழ்ந்த ஏழையர் தெருக்களைத் தாமே சுற்றிப் பார்த்தார். படித்ததை நேரிற் சென்று பார்க்கவேண்டும் என்னும் இப்பழக்கம் அவரை என்றும் விட்டு நீங்கவில்லை.

1914ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் படிப்பை விடுத்து நியூயார்க் சென்று, பொதுவுடைமைச் சார்புடைய நாளேடு ஒன்றில் பணியேற்றார். 1917ஆம் ஆண்டு, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி வெள்ளை மாளிகையின் முன் மறியல் செய்த மாதருடன் கைதாகிச் சிறை சென்று, அங்கே உண்ணாநோன்பிருந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. அவர் கண்ட சிறைகளுள் அது முதலாவது. இறுதியானது 56 ஆண்டுகளுக்குப் பின்னர் வரவிருந்தது.

மனமாற்றம்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் இளமைத் தடுமாற்றங்களை மறைத்துவிடுதல் வழக்கம். டாரதி அம்மையார் பொருட்டு அவ்வாறு செய்யவேண்டுவதில்லை. அவரே அவற்றை மறைக்க விரும்பியவர் அல்லர். எழுத்தாளரும் கலைஞரும் நிறைந்த கிரீனிச் வில்லேஜ் பகுதியில், நாடகாசிரியர் யூஜின் ஓநீல் போன்றோருடன் நட்புப் பூண்டு வாழ்ந்த அந்நாளில், காதலில் தோல்வியுற்றார். கருவைக் கலைத்துக்கொண்டு நெடுங்காலம் அதற்காக வருந்தினார். அடுத்து நேர்ந்த திருமணமும் நிலைக்கவில்லை. 1924ஆம் ஆண்டு வெளிவந்த அவரது புதினத்தின் திரைப்பட உரிமை விலைபோனது. அப்பணத்தைக் கொண்டு ஸ்டேட்டன் தீவின் கடற்கரையில் ஒரு சிறு குடில் வாங்கினார். அங்கே பார்ஸ்டர் பாட்டர்ஹாம் என்னும் உயிரியல் அறிஞருடன் கூடி வாழ்ந்த காலமே அவர் வாழ்வின் இனிய பருவம்.

1926ஆம் ஆண்டு தாமர் என்னும் பெண் மகவு பிறந்தது. இன்னொரு முறை தாயாகும் பேறு தமக்கில்லை என்று எண்ணியிருந்த அவருக்கு அம்மகிழ்ச்சி தாங்கொணாததாயிற்று. நன்றி கூற ஒருவர் வேண்டுமே! துன்பத்தினால் இறைவனை நாடுவோர் பலர். அம்மையாரோ இன்பத்தினால் நாடினார். குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். ஆனால், பாட்டர்ஹாம் மதத்திலும் திருமணச் சடங்கிலும் நம்பிக்கையற்றவர். இறைவனா, இணைந்து வாழ்ந்தவரா என்று ஒன்றைத் தெரிந்துகொள்ளும் நிலை நேர்ந்தது. 1927ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அம்மையார் கத்தோலிக்கராயினார், அன்புடையவரைப் பிரிந்தார்.

இழப்பு அதனோடு முடியவில்லை. தொழிலாளர் நலனுக்காகப் போராடிய பழைய தோழர்களோ, திருச்சபை செல்வர் பக்கம் நிற்பது என்று கருதியவர்கள். புதிய சபையிலோ தோழர் எவரும் இலர். 1932ஆம் ஆண்டு டிசம்பரில், வேலையற்றோர் வாஷிங்டன் நகரில் நடத்திய பசிப் பேரணியைப் பற்றி எழுதச் சென்றவர், வீதியோரம் நின்று பார்ப்பவராகவே தாம் இருப்பதை உணர்ந்து உள்ளம் வெந்தார். அந்நகரின் அன்னை மரியாள் ஆலயத்தில், தம் திறமை ஏழையருக்குப் பயன்படும் வழியொன்று காட்டுமாறு கண்ணீர் மல்க வேண்டினார். நியூயார்க் திரும்பியபோது, அழுக்கேறிய கோட்டும் பைகள் நிறையத் தாள்களுமாக ஒரு முதியவர் வீட்டில் அவருக்காகக் காத்திருந்தார். அவரே பீட்டர் மோரின்.

ஆசானும் மாணவியும்

மோரின் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் 1877ஆம் ஆண்டு உழவர் குடியிற் பிறந்தவர். சிலகாலம் துறவியர் சபையொன்றில் ஆசிரியராயிருந்து, பின்னர்க் கடல் கடந்து கனடாவிலும் அமெரிக்காவிலும் கூலிவேலை செய்து திரிந்தவர். உடைமை ஒன்றுமில்லை, ஆனால், அவர்தம் தலைக்குள் ஒரு பெருந்திட்டம் இருந்தது. அது மூன்று உறுப்புக்களை உடையது. எல்லாரும் கூடி அமர்ந்து சிந்தித்துத் தெளிவு பெறும் உரையாடல் கூட்டம் ஒன்று. வீடற்றவருக்குப் புகலிடமாகும் விருந்தோம்பல் இல்லம் ஒன்று. நிலத்தில் உழைத்துக்கொண்டே கற்கும் வேளாண் குடியிருப்பு ஒன்று. அறிஞர் கையால் உழைத்தல் வேண்டும், உழைப்பவர் அறிஞராதல் வேண்டும் என்பதே அவருடைய கல்விக் கொள்கை.

இவற்றைப் பரப்ப ஓர் ஏடு வேண்டும் என்றார் மோரின். ஏடு நடத்தும் கலை டாரதிக்குக் கைவந்தது. சமையலறை மேசையே அலுவலகமாயிற்று. 57 டாலர் செலவில் 2,500 படிகள் அச்சாயின. 1933ஆம் ஆண்டு மே முதல் நாள், தொழிலாளர் திரண்டிருந்த யூனியன் சதுக்கத்தில் ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ என்னும் பொருள்படும் ‘கத்தோலிக் ஒர்க்கர்’ ஏடு விற்பனைக்கு வந்தது. விலை ஒரு சென்ட். வேலை செய்யக் கூடியவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்து நின்ற காலம் அது. சபையின் சமூகப் போதனைகளைக் குருமார் மட்டுமே படித்துவந்த நிலையில், கூலி, வேலைநிறுத்தம், சங்கம் அமைக்கும் உரிமை, வெள்ளையர் கறுப்பர் வேற்றுமை ஆகியவற்றை அப்போதனைகளின் ஒளியில் தெருவில் நிற்பவனுக்கு எடுத்துரைத்தது அவ்வேடு. ஆண்டு முடிவதற்குள் மாதந்தோறும் 1,00,000 படிகள் அச்சாகும் அளவுக்கு அது வளர்ந்தது.

விருந்தோம்பல் இல்லம்

எழுதினால் எழுதியபடி செய்யவேண்டும் அன்றோ? விருந்தோம்பல் இல்லம் பற்றி ஏட்டில் வந்ததும், வீடற்றோர் வந்து கதவைத் தட்டினர். முதலில் மகளிருக்கும் பின்னர் ஆடவருக்கும் வாடகைக்கு இடம் பிடிக்கப்பெற்றது. 1936ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் இத்தகைய இல்லங்கள் முப்பதுக்கு மேல் தோன்றிவிட்டன. அவ்வாண்டு நியூயார்க் இல்லம் மாட் தெருவில் குடியேறியது. விடியற்காலையில் காப்பிக்கும் ரொட்டிக்குமாக நூற்றுக்கணக்கானோர் அங்கே வரிசையில் நின்றனர்.

விருந்து என்னும் சொல் நம் மொழியில் முதற்கண் உணவைக் குறித்ததன்று. புதுமையையும், அதன்வழியே புதிதாய் வந்தவரையும் குறித்தது. உற்றார் உறவினருக்குச் செய்வது விருந்தோம்பல் ஆகாது. முன்பின் அறியாதவருக்குச் செய்வதே விருந்தோம்பல். அம்மையார் கண்ட பொருளும் இதுவே. தகுதியுடைய ஏழை, தகுதியற்ற ஏழை என்று அவர் பிரித்துப் பாராதிருந்தார். குடிகாரரும் மனநோயாளரும் சண்டையிடுவோரும் அவ்வில்லத்தில் இருந்தனர். விசாரணைத் தாள் இல்லை. போதனையைக் கேட்டால்தான் சோறு என்னும் கட்டாயமும் இல்லை. பணி செய்தோர் ஊதியம் பெறவில்லை. வந்தவர் உண்ட உணவையே உண்டு, அவர்களுக்குக் கிடைத்த பழந்துணிகளையே உடுத்தனர்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடல் தகும். செல்வச் சீமாட்டி ஒருவர் வைர மோதிரம் ஒன்றை இல்லத்துக்கு நன்கொடையாக அளித்தார். அன்றே அம்மையார் அதனை, இல்லத்துக்கு உண்ண வரும் வறிய முதியவள் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் அவளுடைய வீட்டு வாடகையைப் பல மாதங்களுக்குக் கட்டியிருக்கலாமே என்று உடனிருந்தோர் வருந்தினர். அதனை விற்பதோ விரலில் அணிந்து மகிழ்வதோ அவள் உரிமை, வைரத்தை இறைவன் செல்வருக்கென்றே படைத்தானா என்னும் கருத்துப்பட அம்மையார் விடையிறுத்தார். ஏழைக்குச் சோறு மட்டும் போதும், மானமும் அழகும் வேண்டா என்று கருதும் ஈகையாளருக்கு இது தக்க பாடமாகும்.

வெள்ளிதோறும் இரவில் உரையாடல் கூட்டம் நடைபெற்றது. பேராசிரியரும் துறவியரும் அங்கே வந்து பேசினர். வரிசையில் நின்று ரொட்டி வாங்கியவனும் அக்கூட்டத்தில் அமர்ந்து வினா எழுப்பினான். ஏட்டை மடித்து முகவரி ஒட்டி அஞ்சலுக்கு அனுப்பும் பணியில் இல்லத்தில் தங்கியோரே கைகொடுத்தனர். 1936-37ஆம் ஆண்டுகளில் கப்பற் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்கென்றே தனியிடம் எடுத்து உணவளித்தனர். சமூகக் கல்வி என்று இந்நாளில் நாம் வழங்கும் சொல்லுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. கல்லூரியில் வறுமையைப் பாடமாகப் படித்துவிட்டு வந்த இளைஞர், இங்கே கஞ்சிப் பானையைத் துலக்கும்போது அதனை மறுபடியும் படித்தனர்.

குறைகளையும் கூறுவோம். அவ்வில்லத்தின் பானை அமுதசுரபி அன்று. பலநாள் கடனிலேயே அடுப்பு எரிந்தது. மோரின் கனவு கண்ட வேளாண் குடியிருப்புக்களில் விளைச்சல் குறைவாகவும் வாக்குவாதம் மிகுதியாகவும் இருந்தன. மகள் தாமர், சொற்பொழிவுக்கும் சிறைக்குமாக அடிக்கடி வெளியூர் செல்லும் தாயைப் பெற்றவளாய் வளர்ந்தாள். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தாயாகிறவரின் பிள்ளை சிறிது தாயை இழக்கத்தான் வேண்டும் போலும்!

போரும் பிரிவும்

அம்மையாரின் உறுதிக்கு வந்த பெருஞ்சோதனை போரே. ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் அமெரிக்கக் கத்தோலிக்கருட் பெரும்பாலோர் பிராங்கோவை ஆதரித்தபோது, அவரது ஏடு எப்பக்கமும் சாராது கொலையை மறுத்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய பின்னரும், பகைவரையும் நேசிக்கச் சொன்ன இயேசுவின் போதனைக்கு விலக்கில்லை என்று அம்மையார் எழுதினார். இட்லரின் கொடுமையை அறியாமல் எழுதியவரும் அல்லர். யூதர் மீதான பகைமையைப் போருக்கு முன்பிருந்தே அவர் எதிர்த்து நின்றவர்.

கட்டுக்கட்டாக ஏடுகள் திரும்பி வந்தன. 1938ஆம் ஆண்டளவில் 1,50,000க்கு மேற்பட்டிருந்த படிகள், போர்க்காலத்தில் ஏறத்தாழ 50,000 ஆகக் குறைந்தன. உடனுழைத்தோர் பலர் படையிற் சேர்ந்தனர். பல இல்லங்கள் மூடப்பட்டன. அவர் கொண்ட முடிவு சரியா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், கொள்கையால் கூட்டம் சேர்ந்தபோது மகிழ்ந்தவர், கொள்கையால் கூட்டம் கலைந்தபோது கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதில் வேற்றுமை இல்லை.

நம் நாட்டுக்கும் அவருக்கும் இடையேயான உறவு இவ்விடத்தே தொடங்குகின்றது. 1948ஆம் ஆண்டு காந்தியடிகள் கொலையுண்டபோது, கத்தோலிக்கரல்லாத அப்பெரியாரை அகிம்சைப் புரட்சியாளராகப் போற்றித் தம் ஏட்டில் இரங்கல் கட்டுரை எழுதினார் டாரதி அம்மையார்.

திருச்சபையிடம் அவர் கொண்ட பற்று ஆழமானது; நாள்தோறும் பூசை காணத் தவறாதவர். அப்பற்று அவரது நாவைக் கட்டிவிடவில்லை. 1949ஆம் ஆண்டு நியூயார்க் மறைமாவட்டத்தின் கல்லறைத் தோட்டத்தில் குழிவெட்டும் தொழிலாளர் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். கர்தினால் ஸ்பெல்மன் குருமட மாணவரைக் கொண்டு குழி வெட்டுவித்து அதனை முறியடிக்க முயன்றார். அம்மையாரின் தோழர்கள் தொழிலாளருடன் நின்று மறியல் செய்தனர். அம்மையாரும் தொழிலாளர்க்காகப் பரிந்து கர்தினாலுக்கு மடல் தீட்டினார். 1951ஆம் ஆண்டு, கத்தோலிக்க என்னும் பெயரை ஏட்டிலிருந்து நீக்குமாறு மறைமாவட்ட அலுவலகம் பணித்தது. அவர் பணிவுடன் மறுத்து எழுதினார். பெயரும் நின்றது, ஏடும் நின்றது.

சட்டமும் மனச்சான்றும்

1955ஆம் ஆண்டு முதல் நியூயார்க் நகரில் அணுகுண்டுத் தாக்குதலுக்கான ஒத்திகைகள் நடந்தன. சங்கு ஊதியதும் அனைவரும் புகலிடம் செல்லுதல் சட்டம். அணுகுண்டிலிருந்து ஒளிந்து பிழைக்கலாம் என்பதே பொய். அப்பொய்க்கு உடன்பட இயலாது என்று, அம்மையாரும் தோழர் சிலரும் நகர மண்டபத்துப் பூங்காவில் அமர்ந்திருந்து கைதாயினர். 1957ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆண்டுதோறும் அமர்வோர் தொகை பெருகி நூற்றுக்கணக்கானது. 1961ஆம் ஆண்டோடு ஒத்திகைகள் நின்றுபோயின. அதே 1957ஆம் ஆண்டில், ஜார்ஜியா மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக வாழ்ந்த பண்ணையொன்றிற்குச் சென்று இரவுக்காவல் இருந்தபோது, இனவெறியரின் துப்பாக்கிச் சூட்டிலிருந்து உயிர் தப்பினார்.

1956ஆம் ஆண்டு, இல்லக் கட்டடம் தீத்தடுப்பு விதிகளுக்கு ஒத்ததாக இல்லை என்று நீதிமன்றம் 250 டாலர் அபராதம் விதித்தது. அதனைச் செய்தித்தாளில் படித்த கவிஞர் ஆடன், வாயிலில் நின்ற கூட்டத்தினிடையே வந்து அம்மையார் கையில் ஒரு தாளைத் திணித்துச் சென்றார். வந்தவர் யாரென அவருக்குத் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தபோது அது 250 டாலருக்கான காசோலை!

பின்னர், சுரங்க ரயில் பாதைக்காக மாநகராட்சி கிரிஸ்டி தெருவிலிருந்த அவ்வில்லத்தை எடுத்துக்கொண்டது. இழப்பீடு தரக் காலந்தாழ்ந்ததால் 68,700 டாலரோடு வட்டியாக 3,579 டாலர் 39 சென்ட்டும் சேர்த்து அளித்தது. வட்டி வாங்குதல் பாவம் என்னும் பண்டைத் திருச்சபைப் போதனையை மேற்கோளாகக் கொண்டு, 1960ஆம் ஆண்டு அவ்வட்டித் தொகை முழுவதையும் அம்மையார் திருப்பி அனுப்பினார். கடனில் அடுப்பெரித்தவர் செய்த செயல் இது! பணத்தால் பணம் பெருகுவதே உலக நெறியாகிவிட்ட நகரில், உழையாது வந்த செல்வம் எங்கிருந்தோ உழைத்தவன் ஒருவனுடையது என்று எடுத்துக்காட்ட, இதனினும் தெளிவான பாடம் ஒன்று உண்டோ?

இறுதிக்காலம்

1970ஆம் ஆண்டு உலகப் பயணம் மேற்கொண்ட அம்மையார் நம் கல்கத்தா மாநகருக்கும் வந்தார். அன்னை தெரசாவின் இல்லத்தில் இளங்கன்னியரிடையே, மனச்சான்றின் பொருட்டுச் சிறை சென்ற தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டார். அன்னை தெரசா தம் சபையினர் அணியும் சிலுவையை அவர் ஆடையில் குத்திச் சிறப்புச் செய்தார். வீழ்ந்தவரைத் தூக்கும் கை ஒருவருடையது. வீழ்த்தியது எதுவென்று வினவும் நாவும் உடன்கொண்டவர் மற்றவர். இருவரும் சந்தித்தது நம் மண்ணில் என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

1973ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் போராட்டத்தில் கலந்துகொண்டு, தம் 75ஆம் வயதில் இறுதி முறையாகச் சிறைபுகுந்தார். 1980ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், நியூயார்க்கில் வறிய பெண்களுக்கென அமைந்த மேரி இல்லத்தில், தாம் வாழ்ந்த அறையிலேயே இயற்கை எய்தினார். வயது 83.

அவர் மறைவுக்குப்பின் சிறப்புக்கள் தேடி வந்தன. 2000ஆம் ஆண்டு, அவருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதற்கான ஆய்வைத் தொடங்க வத்திக்கான் இசைவளித்தது. 2015ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய போப் பிரான்சிஸ், அந்நாட்டின் சிறந்தோர் நால்வருள் ஒருவராக அவரைக் குறிப்பிட்டார். 2023ஆம் ஆண்டு ஸ்டேட்டன் தீவுக்குச் செல்லும் பயணக் கப்பல் ஒன்று அவர் பெயர் தாங்கி ஓடத்தொடங்கியது. ஆயினும், தம்மைப் புனிதர் என்று பிறர் அழைப்பதை அம்மையார் விரும்பியதில்லை. அவ்வாறு அழைத்துத் தம்மை எளிதாக ஒதுக்கிவிடுவர் என்று அவர் அஞ்சினார்.

அவ்வச்சம் நம்மைப் பற்றியதே. பெரியோரை மேடையேற்றி மாலையிட்டு, அவர் செய்தது நம்மால் ஆகாதது என்று கூறித் தப்பித்துக்கொள்வது நம்மனோர்க்கு எளிது. அம்மையார் செய்தவை என்ன? ஒரு மேசை, ஒரு பானை, ஒரு சென்ட் விலையில் ஓர் ஏடு, வெள்ளி இரவில் சில நாற்காலிகள். நியூயார்க் நகரில் அவ்வேடு இன்றும் ஒரு சென்ட் விலையிலேயே வெளிவருகின்றது. வெள்ளிக் கூட்டங்களும் நடைபெறுகின்றன. அவர் வழியில் அமைந்த இல்லங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. ஊர்விட்டு ஊர்வந்து, புதியவராய் ஒரு மாநகரில் கால்வைத்த நாளில், முன்பின் அறியாத ஒருவர் அளித்த ஒருவேளை உணவின் அருமையை அறிந்தவர் நாம். அவ்வுணவை அடுத்து வருபவருக்கு அளிப்போம். அளித்தபின், அவர் ஏன் பசித்து வந்தார் என்று அவருடன் அமர்ந்து வினவவும் கற்போம்.